பிரேக்கர் காப்பது கம்பியை, ட்ரிப் சுவிட்ச் காப்பது ஆளை: பழைய வீட்டின் மின்னிணைப்பைப் பார்ப்பது எப்படி?

திருகோணமலையின் உவர்மலை, உப்புவெளி, திருக்கடலூர் போன்ற பகுதிகளிலுள்ள பழைய வீடுகள் பலவற்றில் கூரை மாறியிருக்கும், தரைக்கு மாபிள் வந்திருக்கும், சமையலறை புதிதாகக் கட்டப்பட்டிருக்கும். சுவரோடு ஓடும் மின்கம்பி மட்டும் பாட்டன் காலத்தில் போட்டதாகவே இருக்கும். அந்தக் கம்பியைப் பற்றிக் கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான். பிரேக்கர் போட்டிருப்பதால் ஷொக் அடிக்காது என்பார்கள். டெஸ்டர் எரிவதால் பிளக் பொயின்ற் சரியாக இருக்கிறது என்பார்கள். ட்ரிப் சுவிட்சில் 40 அம்பியர் என்று எழுதியிருப்பதால் அது 40 அம்பியரில்தான் விழும் என்பார்கள். மூன்றும் தவறு. மின்பலகையில் இருக்கும் கருவிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வெவ்வேறு ஆபத்துகளைக் கவனிக்கின்றன என்பது தெரியாததே இத்தவறுகளுக்குக் காரணம். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பவர் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு பாதுகாப்பில்லாமல் வாழ்கிறார்.

மூன்று கம்பிகள்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற் அழுத்தமுடையது. அழுத்தம் என்பது மின்னைத் தள்ளும் விசையின் அளவு. கம்பியில் உண்மையில் ஓடும் மின்னின் அளவு மின்னோட்டம். அதை அம்பியரில் அளக்கிறோம். ஒரு கருவியின் வாற் அளவை 230ஆல் வகுத்தால் அது எத்தனை அம்பியரை இழுக்கும் என்பது தெரியும். 2000 வாற் மின்கேத்தல் 8.7 அம்பியர் அளவிலும், 1000 வாற் மின்னழுத்தி 4.3 அம்பியர் அளவிலும் இழுக்கும்.

பிளக் பொயின்றுக்கு மூன்று கம்பிகள் வரவேண்டும். அழுத்தத்தைக் கொண்டுவருவது உயிர்க் கம்பி. ஓடிய மின்னைத் திருப்பி எடுத்துச் செல்வது நொதுமல் கம்பி. மூன்றாவதான புவிக் கம்பி, அதாவது எர்த், வழமையான நேரத்தில் எதையும் சுமப்பதில்லை. கருவியின் உலோக உடலை மண்ணோடு இணைத்தபடி சும்மா கிடக்கும். பழைய வீடுகளில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களிலும், பின்னர் கட்டப்பட்டவற்றில் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் கோடு ஆகிய நிறங்களிலும் இருக்கும். பல தடவை திருத்தப்பட்ட வீட்டில் இரண்டு முறைகளும் கலந்திருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி எந்தக் கம்பியையும் தொடக்கூடாது.

ஒழுங்கையும் பட்டியும்

கிண்ணியாப் பக்கத்து மாட்டுப்பட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் மாடுகள் ஒடுங்கிய ஒழுங்கை வழியே மேய்ச்சலுக்குப் போய், மாலையில் திரும்பி வருகின்றன. இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஒழுங்கையில் நின்று நெரிசலை மட்டும் பார்க்கிறார். வேலி உடையும் அளவுக்கு மாடுகள் முண்டியடித்தால் கடப்பை மூடிவிடுவார். மற்றவர் பட்டி வாசலில் நின்று எண்ணுகிறார்; போனவற்றில் ஒன்று திரும்பாவிட்டாலும் அது யாருடைய வயலிலோ இறங்கிவிட்டது என்று சத்தமிடுவார். ஒழுங்கைக்காரருக்கு ஒரு மாடு குறைந்தது தெரியவே தெரியாது. வாசல்காரரோ, போன அத்தனையும் திரும்பிவிட்டால், எவ்வளவு நெரிசலானாலும் வாய் திறக்கமாட்டார்.

ஒழுங்கைதான் கம்பி. நெரிசலைப் பார்ப்பவர் பியூஸ் அல்லது பிரேக்கர். எண்ணிக்கை பார்ப்பவர் ட்ரிப் சுவிட்ச்.

பியூஸும் பிரேக்கரும்

கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது சூடு பிறக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். இக்காலக் கம்பிகளின் பீ.வீ.சீ. உறை 70 பாகை செல்சியசு வரைக்கும் தாங்குமாறு செய்யப்படுகிறது. அதற்கு மேல் நெடுநேரம் சூடேறினால் உறை இளகிக் கருகும். மிகப் பழைய வீடுகளில் இறப்பர் உறையிட்ட கம்பியும் எஞ்சியிருக்கலாம். அது காலப்போக்கில் காய்ந்து, விரலால் தொட்டாலே பொருபொருவென்று உதிரும். அப்படிப்பட்ட கம்பியைத் திருத்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கம்பி சூடேறிக் கெடுமுன் மின்னை நிறுத்துவதற்காக வைத்தது பியூஸ். வெள்ளைப் பீங்கான் பிடிக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும்; மிகையான மின்னோட்டம் ஓடினால் அது உருகி அறுந்துவிடும். இந்த வகைப் பியூஸில் 5 அம்பியருக்கு 0.2 மி.மீ. விட்டமும், 15 அம்பியருக்கு 0.5 மி.மீ. விட்டமும் உள்ள வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியைப் போடவேண்டும். கடைக்குப் போகச் சோம்பி, கையில் கிடைத்த வயரிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த இழை எத்தனை அம்பியரில் உருகும் என்பது கட்டியவருக்கே தெரியாது. பீங்கானில் 5 என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது 20ஐயும் தாங்கிக்கொண்டிருக்கும்.

பியூஸ் செய்யும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியது பிரேக்கர். எம்.சி.பி. என்று பெட்டியில் எழுதியிருப்பது இதைத்தான். இதற்குள் இரண்டு பொறிகள் உள்ளன. மிகைச் சுமை நீடித்தால் ஓர் உலோகத் தகடு சூடேறி வளைந்து விடுவிக்கிறது; உயிர்க் கம்பியும் நொதுமலும் நேரடியாக முட்டிப் பெருமின்னோட்டம் பாய்ந்தால் ஒரு மின்காந்தம் கணத்தில் இழுத்துவிடுகிறது. தகடு சூடேற நேரம் எடுக்கும் என்பதால் 20 அம்பியர் பிரேக்கர் 21 அம்பியரில் உடனே விழாது. அளவை விட 45 வீதம் கூடினால் ஒரு மணிநேரத்துக்குள் விழவேண்டும் என்பதே அதற்கான நியமம்.

இதுவரை கண்டதில் மனிதரைப் பற்றிய பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரக் கையோடு உயிர்க் கம்பியைத் தொட்டு நிலத்தில் நிற்பவரின் உடல் வழியாக ஓடுவது ஏறத்தாழ 0.1 முதல் 0.2 அம்பியர் வரைதான். பழைய 40 வாற் குண்டு பல்பு ஒன்று இழுக்கும் அளவு அது. உயிரைப் பறிக்க அது தாராளமாகப் போதும். 20 அம்பியர் பிரேக்கருக்கோ அது இன்னொரு பல்பு எரிவது போலத்தான்.

சதுரத் துளை போட்டால் கம்பி தடிக்காது

நம் நாட்டுப் பழைய வீடுகளில் உருண்டை முள் கொண்ட 5 அம்பியர், 15 அம்பியர் பொயின்றுகளே இருந்தன. இப்போது சதுர முள் கொண்ட 13 அம்பியர் பொயின்றே நாட்டின் நியமமாக ஏற்கப்பட்டுள்ளது. நல்ல முடிவுதான். ஆனால் அதை வீடுகளில் நடைமுறைப்படுத்தும் விதத்தில் ஒரு பெரிய பிழை நடக்கிறது: சுவரிலுள்ள 5 அம்பியர் முகத்தைக் கழற்றி, அதே கம்பியில் 13 அம்பியர் முகத்தைப் பூட்டிவிடுகிறார்கள்.

5 அம்பியர் பொயின்று பெரும்பாலும் லைற்றுக்குப் போகும் கம்பியிலிருந்தே இழுக்கப்பட்டிருக்கும். அந்தக் காலத்தில் அதில் ரேடியோவையும் மேசை விசிறியையும் தவிர வேறெதுவும் செருகப்படவில்லை. அக்கம்பி 1 சதுர மி.மீ. தடிப்புக் கொண்டதாக இருக்கலாம்; குழாய்க்குள் ஓடும்போது அது 10 அம்பியர் அளவைத்தான் நெடுநேரம் பாதுகாப்பாகச் சுமக்கும். மின்னிணைப்பாளர்கள் 1/.044, அதாவது .044 அங்குல விட்டமுள்ள ஒற்றை இழை, என்று சொல்லும் பழைய அளவும் இதுவேதான். இதில் 13 அம்பியர் முகம் வந்ததும் கேத்தலும் மின்னழுத்தியும் ஒன்றாக ஏறுகின்றன. மொத்தம் 13 அம்பியர். 5 அம்பியர் ஓடியபோது பிறந்ததைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு சூடு அதே கம்பியில் பிறக்கிறது.

நல்லவேளையாகப் பலகையில் 6 அல்லது 10 அம்பியர் பிரேக்கர் இருந்தால் அது விழும். விழவேண்டியதுதான் அதன் கடமை. அடுத்த பிழை இங்கேதான் நடக்கிறது. ‘அடிக்கடி விழுகிறது, பிரேக்கர் பழுது’ என்று சொல்லி 20 அம்பியர் பிரேக்கரைப் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் பிரேக்கர் விழாது. சுவருக்குள் கம்பிதான் வேகும். பிரேக்கரின் அளவைத் தீர்மானிப்பது கம்பியின் தடிப்பேயன்றி வீட்டாரின் தேவையோ பொயின்றின் முகமோ இல்லை. 20 அம்பியர் பிரேக்கரின் கீழ் 13 அம்பியர் பொயின்றுகள் வேண்டுமானால், பலகையிலிருந்து கடைசிப் பொயின்று வரை 2.5 சதுர மி.மீ. கம்பி, அதாவது 7/0.67 (0.67 மி.மீ. விட்டமுள்ள ஏழு இழைகள்), ஓடவேண்டும். இடையில் ஒரு முழம் மெல்லிய கம்பி இருந்தாலும் முழு வரிசையின் தகுதியும் அந்த ஒரு முழத்தினுடையதே.

13 அம்பியர் பொயின்றில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதன் கீழ்த் துளைகளை மூடியிருக்கும் தடுப்பு, மேலே உள்ள நீண்ட எர்த் முள் உள்ளே போனால்தான் திறக்கும். குழந்தையின் விரலோ கம்பியோ போகாமலிருக்க வைத்த ஏற்பாடு அது. இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக அந்த எர்த் துளையில் பேனையை விட்டு நெம்புவதை எந்த வீட்டிலும் காணலாம். அப்படிச் செருகிய உருண்டை முள் சதுரப் பிடியில் இறுக நிற்காது. எர்த்தும் இல்லை, சதுர முள் பிளக்குக்குள் இருக்கவேண்டிய சிறு பியூஸும் இல்லை.

ட்ரிப் சுவிட்ச்

இப்போது வாசல்காரரிடம் வருவோம். ஆர்.சி.சி.பி. என்று எழுதியிருக்கும் ட்ரிப் சுவிட்சுக்குள் உயிர்க் கம்பியும் நொதுமலும் சேர்ந்தே ஓர் இரும்பு வளையத்தின் ஊடாகப் போகின்றன. போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் சமமாக இருந்தால் இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். போனதில் ஒரு பங்கு ஒருவரின் உடல் வழியாகவோ நனைந்த சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டால் சமநிலை குலையும். வளையத்தில் சுற்றிய மெல்லிய சுருளில் மின் தோன்றி, பொறியை விடுவித்து, இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும். திரும்பாமல் போன அந்தப் பங்குக்குக் கசிவு மின்னோட்டம் என்று பெயர்.

ஆளைக் காப்பதற்கான ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர், அதாவது 0.03 அம்பியர் கசிவில், 0.3 செக்கனுக்குள் துண்டிக்க வேண்டும். அதன் முகத்தில் பெரிதாக எழுதியிருக்கும் 40 அல்லது 63 அம்பியர் என்பது அதன் வழியே ஓட விடக்கூடிய உச்ச அளவு மட்டுமே. விழும் அளவு சிறிய எழுத்தில் வேறாக இருக்கும். அங்கே 30க்குப் பதில் 100 மில்லி அம்பியர் என்றிருந்தால், அது தீயைத் தடுக்க உதவலாம், மனிதரைக் காக்க அதை நம்பமுடியாது. இன்னும் பழைய வகை ஒன்று உண்டு. அது எர்த் கம்பியில் எழும் அழுத்தத்தை மட்டும் கவனிக்கும். நேரடியாக உயிர்க் கம்பியைத் தொட்டவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அது இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ட்ரிப் சுவிட்சுக்கும் எல்லை உண்டு. மிகைச் சுமையை அது பார்ப்பதில்லை. ஒரு கையால் உயிர்க் கம்பியையும் மறு கையால் நொதுமலையும் பிடித்தவரையும், போனதெல்லாம் திரும்பிவிடுவதால், அது ஒரு கருவியென்றே எண்ணிக்கொள்ளும்.

சுருக்கமாக: பிரேக்கர் அம்பியர்களில் பேசுகிறது, ட்ரிப் சுவிட்ச் மில்லி அம்பியர்களில் பேசுகிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகாது.

மணலுக்குள் போகும் கம்பி

நம் வீடுகளில் புவிக் கம்பி வீட்டு வளவில் அடித்த உலோகக் கோல் ஒன்றின் வழியாகவே மண்ணைச் சேர்கிறது. அந்தக் கோலுக்கும் மண்ணுக்கும் இடையிலான தடையைப் பொறுத்தே எல்லாம் நடக்கும். தடை என்பது மின்னோட்டத்துக்கு எழும் எதிர்ப்பு. அதன் அலகு ஓம். தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், குளிர்சாதனப் பெட்டியின் உடலில் உயிர்க் கம்பி முட்டும்போது மண்ணுக்குப் போகக்கூடியது 230ஐ 100ஆல் வகுத்த 2.3 அம்பியர் மட்டும்தான். 20 அம்பியர் பிரேக்கர் அசையாது. பெட்டியின் கதவோ ஏறத்தாழ முழு அழுத்தத்தோடு காத்திருக்கும். ‘எர்த் அடித்திருக்கிறோம், அதனால் ட்ரிப் சுவிட்ச் தேவையில்லை’ என்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே 2.3 அம்பியர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குத் தேவையானதைப்போல எழுபது மடங்குக்கு மேல். அது கணத்தில் விழும்.

மறுபுறம், ட்ரிப் சுவிட்ச் இருந்து எர்த் இல்லாவிட்டால், கெட்டுப்போன கருவி எவரேனும் தொடும்வரை அமைதியாக இருக்கும். கசிவு தொடங்குவது அவருடைய உடல் வழியாகத்தான். ட்ரிப் சுவிட்ச் அவரைக் காப்பாற்றக்கூடும். ஆனால் அடியை அவர் வாங்கியே ஆகவேண்டும். எர்த் இருந்தால் எவரும் தொடுமுன்னரே அது விழுந்திருக்கும்.

நம் ஊரில் இது கூடுதல் கவனம் கேட்கும் விடயம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் வாடைமழையில் ஈரமாக இருக்கும்போது மின்னைக் கடத்தும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மேல்மண் காய்ந்ததும் கோலின் தடை பலமடங்கு உயரும். ஆகவே மார்கழியில் எடுத்த அளவு ஆடியில் செல்லாது. உப்புக்காற்று கோலையும் கம்பியையும் சேர்க்கும் பிடியை அரித்துவிடும். இதைவிட மோசமான ஒன்று: முன்னாளில் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டினார்கள். பின்னர் குழாய் பீ.வீ.சீ. ஆனபோது எர்த் அறுந்தது. வீட்டில் எவருக்கும் தெரியவில்லை, ஏனெனில் எர்த் இல்லாமலும் எல்லாக் கருவிகளும் வேலைசெய்யும்.

கடற்கரையோர வீடு 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் மூழ்கி, பின்னர் கம்பி மாற்றப்படாமல் பூச்சு மட்டும் பூசப்பட்டதாக இருந்தால், குழாய்களுக்குள் உப்பு படிந்திருக்கக்கூடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் அத்தகைய வீட்டில் மழைக்காலக் கசிவுக்கு முதலில் அங்கேதான் காரணம் தேடவேண்டும்.

இரண்டு காவலருக்கும் தெரியாத சூடு

பொயின்றுக்குப் பின்னால் கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்துவிட்டால், அந்த இடத்தில் மட்டும் தடை எழும். 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேத்தல் ஓடும்போது அந்தத் திருகில் மட்டும் ஏழு வாற்றுக்கு மேல் சூடு பிறக்கும். பட்டாணியளவு பித்தளைத் துண்டுக்கு அது பெரிய சூடு. ஓடும் மின்னோட்டமோ கூடவில்லை, எனவே பிரேக்கர் அறியாது. கசிவும் இல்லை, எனவே ட்ரிப் சுவிட்சும் அறியாது. இங்கே காவலுக்கு இருப்பவை வீட்டாரின் மூக்கும் கண்ணும்தான்: கருகிய மீன் போன்ற நாற்றம், மஞ்சளாகும் வெள்ளை முகம், பிளக்கைச் செருகும்போது சரசரக்கும் ஒலி.

திருகாணி தொடாமல் பார்க்கக்கூடியவை

மூடியைக் கழற்றாமலேயே பலவற்றைப் பார்க்கலாம். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழவேண்டும். விழாவிட்டால் அது பழுது. ஆனால் அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. கேத்தல் கொதித்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, அதன் முட்களைத் தொடாமல், பொயின்றின் முகத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பிளக் தானாகச் சரிந்து தொங்கினால் உள்ளே பிடி தளர்ந்துவிட்டது. பலகையில் எந்தப் பிரேக்கரை இறக்கினால் எந்த அறை அணைகிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சமையலறை முழுவதும் லைற் பிரேக்கரோடு அணைந்தால் மேலே சொன்ன கதை உங்கள் வீட்டிலும் நடக்கிறது.

டெஸ்டரைப் பற்றி ஒரு சொல். அது எரிந்தால் அந்தத் துளையில் அழுத்தம் இருக்கிறது என்று மட்டும் பொருள். நொதுமல் முறையாக இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அது எரியாமல் விட்டாலும் கம்பி செத்துவிட்டது என்று நம்பக்கூடாது. உள்ளே இருக்கும் சிறு பல்பு பழுதாகியிருக்கலாம். பொயின்றில் நேரே செருகும் மூன்று விளக்குச் சோதனைக் கருவி இதைவிட மேல். எர்த் அறவே இல்லாததையும் உயிர்க் கம்பியும் நொதுமலும் இடம் மாறியிருப்பதையும் அது காட்டிவிடும். எர்த் எவ்வளவு நல்லது என்பதை அதுவும் சொல்லாது.

மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு அதை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அதில் கசிவு. எதுவும் செருகாமலேயே விழுந்தால் கசிவு சுவருக்குள் இருக்கிறது. அது எரிச்சலூட்டுகிறதென்று ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேர்க் கம்பி கொடுக்கச் சொல்பவர்களும், கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்யும் மின்னிணைப்பாளரை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடாமல் விடுவதே நல்லது.

மின்னிணைப்பாளரிடம் விடவேண்டியவை

பிரதான ஆளியை இறக்கினாலும் மின்மானியிலிருந்து அதுவரை வரும் கம்பி உயிரோடுதான் இருக்கும். மின்மானியின் முத்திரையை உடைக்கவும் நமக்கு உரிமையில்லை. எனவே பலகையைத் திறக்கும் வேலை தகுதிச் சான்றிதழ் உள்ளவருக்கே உரியது. அவரிடம் மூன்று அளவுகளைக் கேளுங்கள்: எர்த் கோலின் தடை, ட்ரிப் சுவிட்ச் விழ எடுக்கும் நேரம், கம்பி உறையின் காப்புத் தடை. கடைசியானது 500 வோல்ற் சோதனையில் ஒரு மெகாஓமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்குக் குறையக்கூடாது. கருவி கொண்டுவராமல், பார்த்தே எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்குக் கூலி கொடுப்பது வீண்.

முழு வீட்டையும் ஒரே தடவையில் மாற்றப் பணமில்லாதவர்கள் பின்வரும் ஒழுங்கில் செய்யலாம். முதலில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும், அதோடு சேர்த்து நல்ல எர்த் கோலும். அடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிப்புக்கேற்ற பிரேக்கர். அது அடிக்கடி விழுந்தாலும் பரவாயில்லை, கேத்தலும் மின்னழுத்தியும் மாறி மாறி ஓடட்டும். அதன்பின் சமையலறைக்கும் நீர் இறைக்கும் மோட்டருக்கும் பலகையிலிருந்தே தனித்தனிப் புதுக் கம்பி. படுக்கையறை லைற்றுக் கம்பி, அதன் உறை உதிராமல் இருக்கும்வரை, இன்னும் சில காலம் பொறுக்கும்.